மனுதாரரின் மூக்கு

1

ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் யாரும் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, என் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீர் கொடுத்து வைத்தவர் ஐயா" என்று சொல்லாதீர்கள். சொன்னால் கையில் இருக்கும் கரண்டியாலேயே போடுவேன்.

கடைசியாக அப்படிச் சொன்னவன் என் மச்சினன் சுந்தரம். என் மனைவி மங்களத்தின் தம்பி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஆறு மாதத்துக்கு முன்னால், கோடை விடுமுறைக்கு வந்தான். எங்கள் ஹோட்டல் இருக்கும் பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவனுக்கு வாய் ஓயவில்லை. நம் ஊரில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை ஒரு தூக்கம் போடலாம். இங்கே ஒன்றின் முதுகை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

"என்ன ஊர் அத்திம்பேர்! ரோடு என்ன, பஸ் என்ன, ஆட்டோ என்ன! நீங்க கொடுத்து வச்சவர்."

உச்சி குளிர்ந்து போய் அவனுக்கு முதல் டிகாக்ஷனில் ஒரு காபி கலந்து கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மரியாதை தெரிந்தவன், துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ அத்திம்பேர். காபில மண்ணெண்ணெய் வாடை அடிக்கறது."

இருபது வருஷமாக இந்த ஜங்ஷனில் காபி கலக்கிறேன். என் காபிக்காகவே அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில், "டீசல் புகையில நனைஞ்சுண்டு வந்திருக்கே, நாக்கு அப்படித்தான் இருக்கும். போய் வாயைக் கொப்பளிச்சுண்டு வா" என்று விரட்டினேன். போய்க் கொப்பளித்தான். எந்தத் தண்ணீரில்? காபி போட்ட அதே கிணற்றுத் தண்ணீரில். திரும்பி வந்தவன் டம்ளரைத் தொடவில்லை.

அவன் சொன்னது சத்தியம். அது எனக்கு விளங்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. ஹோட்டலில் பயணிகள் விட்டுப்போகும் வாரப் பத்திரிகைகளைப் படித்து வளர்த்த எட்டாம் வகுப்புத் தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் சுந்தரம் திருத்திக்கொள்ளட்டும். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

2

அறுபதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவில் வழியாக ஒரு தகரப் பெட்டியோடு வந்தேன். இலை எடுக்கும் வேலையில் சேர்ந்து, மாவாட்டி, தோசைக்கல்லில் நின்று, கடைசியில் சரக்கு மாஸ்டர் ஆனேன். சாம்பார், ரசம், கறி, கூட்டு, இனிப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி என்று அர்த்தம். சரக்கு மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனால் அன்றைக்கு ஹோட்டல் கிடையாது. முதலாளிகூட என்னைச் 'சாமா' என்று கூப்பிடும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்.

அன்றைக்கு ஹோட்டல் வாசலில் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் நிழலில் கட்டை வண்டி நிற்கும், சைக்கிள் நிற்கும், எப்போதாவது ஒரு பஸ் வந்து நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகும். சமையல்கட்டு பின்பக்கம், கிணற்றடியை ஒட்டி. பக்கத்துப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைப்பது அங்கே என் அடுப்புவரை கேட்கும்.

பிறகு ஊர் வீங்க ஆரம்பித்தது. உத்தியோகத்துக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்கள். ஊருக்கு வெளியே கால் நனைத்துக்கொண்டு நடந்த வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. குன்றை வெட்டிச் செம்மண்ணை லாரியில் ஏற்றுவார்கள். வயலில் கொட்டுவார்கள். குன்றும் போயிற்று, வயலும் போயிற்று. மழை பெய்தால் தண்ணீருக்குப் போக இடம் தெரியாமல் ரோட்டுக்கு வருகிறது. "ஏன் இப்படித் தேங்குகிறது?" என்று பத்திரிகையில் கேள்வி வேறு கேட்கிறார்கள். லாரியைக் கேட்க வேண்டியதுதானே!

இதில் நான் யோக்கியன் இல்லை. ரோட்டை அகலமாக்க அந்த இரண்டு மரங்களையும் வெட்டினபோது வேடிக்கை பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். எதிரிலேயே பஸ் ஸ்டாப் வரும், கூட்டம் வரும், நம் ஹோட்டல் தூக்கிக்கொள்ளும் என்று முதலாளிக்குக் கணக்குச் சொன்னவனும் நான். ரோடு எங்கள் முன்கூடத்தையும் விழுங்கிக்கொண்டு அகலமானது. மிச்சம் இருந்த வாசலில், பயணிகள் கண்ணில் படும்படி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார் முதலாளி. "ஆவி பறக்கறது தெரிஞ்சாத்தான் ஆள் இறங்குவான், சாமா" என்றார். ஆள் இறங்கினான். பஸ்ஸும் நின்றது. எஞ்சினை நிறுத்துவது டிரைவர்களுக்குக் கௌரவக் குறைவு போலிருக்கிறது. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு, புகைக்குழாயை நேராக என் முகத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று போனால் இன்னொன்று. ஒரு நாளில் பதினான்கு மணி நேரம், ஏழெட்டு வருஷம்.

முகத்தைத் துடைத்தால் துண்டு கறுக்கும். அடுப்புக் கரிதான் என்று நினைத்துக்கொள்வேன். என் அடுப்பைச் சந்தேகப்பட்டேனே தவிர, எனக்குச் சோறு போடும் பஸ்ஸைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

3

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையார் படத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் சமைத்ததில் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கக் கூடாது. புளி பச்சை வாடை போனதா, பருப்பு வெந்ததா, பெருங்காயம் தூக்கலா, எல்லாம் மூக்குதான் சொல்ல வேண்டும். காட்டிய பிறகு ருசி பார்க்கலாமே என்பீர்கள். அதற்குள் வாசலில் பஸ் வந்து நிற்கும், நாற்பது பேர் இலைக்குக் கத்துவார்கள். நான் சாப்பிட உட்காரும்போது மத்தியானம் மூன்றாகிவிடும். மோர்சாதமும் ஊறுகாயும்தான் இறங்கும். அதுவும் கொஞ்ச காலமாகச் சப்பென்று இருந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

ஹோட்டலின் பின்கட்டில் இரண்டு அறைகளில் குடித்தனம். நான், மங்களம், பெண் கோமதி. கோமதி இங்கேயே பிறந்தவள், பிரீ டிகிரி படிக்கிறாள். சிரித்தால் தமிழ், கோபம் வந்தால் மலையாளம். தமிழ் எழுத்து நாலைந்துதான் அவளுக்குத் தெரியும். சுந்தரம் மாமாவுக்குக் கடிதம் எழுது என்றால், "நீங்க சொல்லுங்கோ, நான் இங்கிலீஷ்ல எழுதறேன்" என்பாள். தமிழ்நாட்டு வாத்தியாருடைய அக்கா பெண்ணுக்கு இந்தக் கதி.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு தென்னந்தோப்பு இருந்தது. போன வருஷம் அதை வெட்டிவிட்டு லாரி வொர்க்‌ஷாப் வந்தது. பழைய எண்ணெயைக் குழி தோண்டி ஊற்றுவார்கள். அது வந்த சில மாதத்தில் கோமதி ஆரம்பித்தாள்.

"அப்பா, இந்த வெள்ளத்துல டீசல் நாத்தமாக்கும். குடிக்கப் பத்தலை."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், பத்தலை என்றால் முடியவில்லை. நான் கிணற்றில் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாளியில் மொண்டு முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. "காலேஜுக்குப் போனதும் நம்மாத்துத் தண்ணி நாறறதோ உனக்கு? உங்கப்பன் முன்னூறு பேர் சாப்பாட்டை மூக்கால அளக்கறவன்டி" என்றேன். மங்களமும் பெண் பக்கம் பேசினாள். அவளுக்கு மாதக்கணக்கில் வயிற்று வலி. ஓமத்தண்ணீர் போட்டுக் குடித்தாள். எந்தத் தண்ணீர் என்று எழுத எனக்கே கை கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, நைவேத்தியத்துக்கு நான் மொண்டு வைத்த குடத்தைக் கோமதி எடுத்துக் கொல்லையில் கொட்டிவிட்டாள். தெருக்குழாயில் பிடித்துவருகிறேன் என்றாள். பதினேழு வயதுப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. நேராகப் பார்த்து, "அப்பாக்கு மூக்கில்லியோ?" என்று கேட்டாள். வாய்த்துடுக்கு என்று நினைத்தேன்.

சுந்தரம் வந்து போனபின் அந்தக் கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். முகத்துக்கு முன்னால் ஏதோ நீட்டினாள்.

"என்னதுப்பா?"

"வெறுங்கையைக் காட்டிண்டு என்னடி விளையாட்டு?"

கண்ணைத் திறந்தேன். அவள் உள்ளங்கையில் கட்டிப் பெருங்காயம், அப்போதுதான் நசுக்கியது. அடுத்து காபிப் பொடி. அடுத்து அணைத்த தீக்குச்சி. கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியை மூக்கிலேயே வைத்து அழுத்தினாள். எதுவும், எதுவுமே இல்லை. அறைந்தபோது அழாதவள் அப்போது அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கே நின்று வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். இனித் திரும்பி வருவது சந்தேகம், புகைப் பக்கம் போகாதீர்கள் என்றார். அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரில் சமைத்துப் போட்டிருக்கிறேன். கைக்குழந்தையோடு இறங்கி ரசம்சாதம் கேட்டவர்களுக்குப் போட்டிருக்கிறேன். சிலர் பாதி இலையில் எழுந்து போனதும், பழைய ஆட்கள் வராமல் போனதும், இப்போதுதான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வொர்க்‌ஷாப்காரனைக் கொல்லலாம் போலிருந்தது, பஸ்காரனைக் கொல்லலாம் போலிருந்தது. எல்லாருக்கும் முன்னால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்.

வெளியில் சொல்லவில்லை. மூக்கில்லாத சரக்கு மாஸ்டரை எவன் வைத்துக்கொள்வான்? கோமதி காலேஜ் போகுமுன் ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். முதலாளியிடம் கிணறு நாறுகிறது என்று மட்டும் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "வொர்க்‌ஷாப்ல முப்பது பேர் நம்மகிட்ட சாப்பிடறா, சாமா. பகைச்சுக்க முடியுமா? கொஞ்சம் ஏலக்காய் கூடப் போடு" என்றார். தெருக்குழாய்த் தண்ணீர் வீட்டுக்குத்தான் போதும், ஹோட்டலுக்குப் போதாது. தெரிந்தே அதில் சமைத்தேன். பெண்டாட்டி, பெண்ணுக்கு ஒரு தண்ணீர், ஊராருக்கு ஒரு தண்ணீர்.

4

அந்த வெட்கம் தாளாமல்தான் மனு எழுதினேன். தமிழில், நிறுத்தி நிதானமாக, இரண்டு பக்கம். முதல் ஆபீஸில், தண்ணீர் எங்கள் பொறுப்புதான், ஆனால் கிணறு எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இரண்டாவது ஆபீஸில், வொர்க்‌ஷாப்புக்கு அனுமதி கொடுத்தது நாங்கள்தான், ஆனால் எண்ணெய் எங்களுக்குக் கீழே வராது என்றார்கள். கீழேதான் ஐயா போகிறது, அதுதான் புகார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது ஆபீஸில் குமாஸ்தா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழில் எழுதியால் நடக்கில்லா. மலையாளத்தில் வேணம்."

கோமதி மலையாளத்தில் எழுதினாள். நான் இரண்டு பக்கத்தில் திட்டியதை அவள் அரைப் பக்கத்தில் அழகாக அடக்கிவிட்டாள். திரும்பவும் போனேன். குமாஸ்தா அடியில் விரலை வைத்து, "இவிடெ ஒப்பிடணம்" என்றார். "எதோட ஒப்பிடணும் சார்?" என்று கேட்டுவிட்டேன். கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்பது இருபது வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்றவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. புகாருக்குச் சிரிக்காதவர்கள் இதற்குச் சிரித்தார்கள். கோபத்தில் பேனா கிழியக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. அதற்குள் வொர்க்‌ஷாப்பில் இன்னொரு குழி தோண்டினார்கள்.

5

ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரம், ஆபீசர் வந்தார். கையில் ஃபைலோடு ஒரு பியூன். வாசனையை விசாரிக்க மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறார்கள். நல்லவேளை, கிணறு ஓடிப்போகவில்லை. முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வொர்க்‌ஷாப் மேனேஜரும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கோமதி அன்றைக்குக் காலேஜ் போகவில்லை, சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றேன்.

"லேபில் அயச்சால் ஆறு மாசம் பிடிக்கும். இவிடெத்தன்னெ நோக்காம்" என்றார் ஆபீசர். இங்கேயே பார்த்து முடித்துவிடலாமாம்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு மேனேஜர் வழி சொன்னார். இரண்டு டம்ளர். ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். பியூன் நிரப்பிக்கொண்டு வருவான். எது கிணறு என்று நான் முகர்ந்து சொல்ல வேண்டும். "சாமி மூக்கு கொண்டு ஜீவிக்குன்ன ஆளல்லே? மணத்து பறயட்டே" என்றார். மூக்கை வைத்துப் பிழைக்கிறவர்தானே, முகர்ந்து சொல்லட்டும் என்று. ஆபீசருக்கு அது பிடித்துப்போயிற்று.

டம்ளர் இரண்டும் என் முன்னால் வந்தன. கோமதியைப் பார்த்தேன். பியூன் அவளைத் தாண்டிக் கொண்டுவந்தபோதே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. கண்ணால் இடதுபக்க டம்ளரைக் காட்டினாள், இரண்டு தரம். இடது என்று சொன்னால் போதும். வேலையும் இருக்கும், பெயரும் இருக்கும், ஒருவேளை மனுவும் ஜெயிக்கும்.

ஆனால் எனக்குத் திகுதிகுவென்று பற்றிக்கொண்டு வந்தது. என் மூக்கைத் தின்றுவிட்டு, அதே மூக்கைக் கொண்டுவா பரீட்சை வைக்கிறேன் என்கிறார்களே! இவர்களுக்கு முன்னால் இல்லாத மூக்கை இருப்பதாகக் காட்டி நான் பாஸ் பண்ண வேண்டுமா?

"எனக்கு வாசனை தெரியாது சார்" என்றேன். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த வாசல்ல நின்னு பஸ் புகை குடிச்சுக் குடிச்சுப் போயிடுத்து. அதனாலதான் இந்தத் தண்ணி கெட்டுப்போனதும் எனக்குத் தெரியலை. இந்த ஜங்ஷன்ல இறங்கினவாளுக்கெல்லாம் இதைத்தான் போட்டிருக்கேன். அதையும் சேர்த்து எழுதிக்கோங்கோ."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஆபீசர் மட்டும் பதற்றமில்லாமல் ஃபைலைத் திறந்து எழுதினார். கோமதி வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்: மனுதாரருக்கு வாசனை அறியும் சக்தி இல்லை, ஆகையால் வாடை குறித்த அவருடைய புகாருக்கு ஆதாரம் இல்லை.

படித்து முடித்ததும் அவளுக்கு மலையாளம் வந்துவிட்டது. "சாரே, எனிக்கு நாறுன்னுண்டு. சார் ஒன்னு மணத்து நோக்கணம்!" என்று இடது டம்ளரை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "மனு கொடுத்தது குட்டியல்லல்லோ" என்றார். நீ மனுதாரர் இல்லையே அம்மா என்று.

விஷயம் முடிந்தது என்று முதலாளி காபி கொண்டுவரச் சொன்னார். நானே கலந்து, நுரை பொங்க ஆற்றி, ஆபீசர் முன்னால் வைத்தேன். ஃபைலில் ஆதாரம் இல்லை என்று எழுதின மை காயவில்லை. அவர் டம்ளரின் வாயைக் கையால் மூடினார்.

"வேண்டா, வேண்டா. எனிக்கு காப்பி பதிவில்லா."

காபி பழக்கமில்லையாம். பியூனை அனுப்பி எதிர்க்கடையிலிருந்து இளநீர் வாங்கிவரச் செய்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தே குடித்துவிட்டுப் போனார்.

6

மறுநாள் காலையில் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துப்போய்க் கிணற்றுக் கயிற்றை அறுத்தேன். ராட்டினத்தையும் கழற்றி எறிந்தேன். அன்றைக்குப் பழவங்காடியில் எங்கள் ஹோட்டல் திறக்கவில்லை. முதலாளி ஓடிவந்தார். "மூக்குத்தான் போச்சுன்னு நினைச்சேன், புத்தியும் போயிடுத்தா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். இருபது வருஷத்தில் சேர்ந்ததையெல்லாம் இரண்டு பேரும் கத்தித் தீர்த்தோம். மாதம் முடிவதற்குள் பின்கட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் புதுக்கயிறு வாங்கிவிட்டார், புது மாஸ்டரும் பாலக்காட்டிலிருந்து வந்துவிட்டான். முதல் நாளே அந்தப் பையன் காபியை முகர்ந்துவிட்டு என்னைத் தேடி வந்தான். அவனிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுத் திரும்பி அடுப்புக்கே போனான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

இதே ஊரில் ஸ்ரீவராகத்தில் ஒரு சந்தில் இடம் பார்த்திருக்கிறோம். மங்களம் சாமான் கட்டுகிறாள். ஊருக்கே வந்துவிடுங்கள் என்று சுந்தரம் எழுதியிருக்கிறான். வந்து? அங்கேயும் ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்று அதே கடிதத்தில் குஷியாக எழுதியிருக்கிறானே! ஒருவேளை மரத்தை வெட்டும்போது எல்லாரும் கைதட்டுவீர்கள். நானும் அப்படித்தான் தட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் கோமதி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புது மனு எழுதினாள். மனுதாரர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். வீட்டு விவரம் கேட்கும் தாளில் ஒரு வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"அப்பாவோட தொழில்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

"சரக்கு மாஸ்டர்."

"அது இப்போ இல்லியேப்பா. பொய்னு சொல்லி இதையும் தள்ளிட்டா?"

"வேலைதான் போயிருக்கு, தொழில் போகலை. எவன் தள்றான்னு பாக்கறேன். எழுதுடி."

எழுதினாள்.